தங்கையா அண்ணனின் பதிப்புப் பட்டியல்

தங்கையா அண்ணனுக்கு நிரல் எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த எங்களிடம் வேலை வாங்குவதுதான் அவர் வேலை. இரண்டில் எது கடினம் என்று இப்போது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்.

ரப்பர் மரம் சீவியவர்களின் மகன். பிழைப்புக்கு மலாக்காவின் புக்கிட் ரம்பாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, வாரம் மாறி வாரம் ஷிப்ட். மிச்சமிருந்த நேரமெல்லாம் 'தூறல்'. கணினியில் தமிழ் அடிப்பதற்காக நாங்கள் ஏழு பேர் சம்பளமில்லாமல் எழுதி, மூலநிரலையும் சேர்த்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த மென்பொருள் அது. எங்களில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டொரொண்டோவில், மற்றவர்கள் மலேசியாவில். அடுத்த பதிப்பு எப்போது, அதில் என்னென்ன, எதற்கு யார் பொறுப்பு என்று திட்டம் போடுவது அண்ணன். தொழிற்சாலைப் படிவங்களின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்து, என் கணினிக் கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புவார்.

பட்டியலில் தேதிகளே இருக்காது, பண்டிகைகள்தான். பொங்கலுக்கு 1.3, சித்திரைக்கு 1.4, தீபாவளிக்கு 2.0. சும்மா அக்டோபர் பத்து என்றால் எவனும் அசையமாட்டான், தீபாவளி என்றால் ரோஷம் வரும் என்று நினைத்தார். பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரம் நாங்கள் யாரும் கணினிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டோம் என்பதை மறந்துவிட்டார். வீட்டுக்குச் சாயம் அடிக்கவும் முறுக்குப் பிழியவும் காணாமல் போவோம். பதிப்பு அடுத்த பண்டிகைக்குத் தள்ளிப்போகும்.

எங்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. முடியுமா என்று அண்ணன் கேட்டால், முடியாது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. வயதில் மூத்தவர், நல்ல மனுஷன். "போலே லா அண்ணே" என்போம். ஆகும், செய்துவிடலாம் என்று அர்த்தம். உடனே எங்கள் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவார். வேலையிடத்தில் பழுது தேடியே பழகியவர், எங்கள் வார்த்தையில் மட்டும் தேடமாட்டார்.

என் பெயருக்கு நேரே இருந்தது பிரிண்டர் வேலை. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தூறலின் எழுத்து ஒழுங்காக விழவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அதைச் சரிசெய்கிறேன் என்று மூன்று பண்டிகைக்கு டிக் வாங்கியிருந்தேன். கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

1998 தீபாவளிக்கும் 2.0 வரவில்லை. அடுத்த வாரம் அண்ணன் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் காலையில் நேராகக் கடைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. பட்டியல் எழுதும் படிவத்தை வெறுமையாகவே மேசைமேல் போட்டார்.

"இந்தத் தடவ ஒன்னும் எழுதல தினேஸ். களைச்சுப் போச்சுப்பா எனக்கு."

"பொங்கலுக்கு விட்டுடலாம் அண்ணே."

"நீ சும்மா இரு. நாளைக்கு எனக்கு லீவு. நியாலாஸ்ல நம்ம வீட்டுக்கு வா. அந்தப் பிரிண்டர் வேலைய யாரு கேட்டாங்கன்னு பாத்துட்டுப் போ."

போனேன். கேட்டது அவர் மனைவி பவானேஸ்வரி அக்கா, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வருடக் கடைசிப் பரீட்சை நெருங்கிவிட்டது. சாப்பாட்டு மேசையில், பிரதிகள் உருட்டி எடுப்பதற்கான மெழுகு ஸ்டென்சில் தாளை விரித்து, இரும்பு முனைப் பேனாவால் கேள்வித்தாளை அழுத்தி அழுத்தி எழுதிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. பள்ளியில் ஒரு பழைய பிரிண்டர் சும்மா கிடந்தது. ரிப்பனைக் கழற்றிவிட்டால் அதன் ஊசிகளே ஸ்டென்சிலைக் குத்திக் கொடுக்கும். அதில் தமிழ் ஒழுங்காக விழ வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

"பிரிண்டர் தம்பியா? உக்காருங்க. அடுத்ததுல வந்துருமா?"

போலே லா நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வராதுக்கா," என்றேன். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். புருஷனைப் பார்த்துத்தான் பேசினார்.

"போன வருஷம் பள்ளி வாரியத் தலைவரு தமிழ் டைப்ரைட்டர் ஒன்னு தரேன்னாரு. ஸ்டென்சில அதுலயே அடிச்சிருக்கலாம். வேணாங்க, எங்க வீட்டுக்காரரு சாப்ட்வேர் தீபாவளிக்கு வருதுன்னு நான்தான் சொன்னேன். இப்ப அது வேற தோட்டத்துப் பள்ளியில இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து பழைய பட்டியலை எடுத்து, என் பெயருக்கு நேரே இருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தார். பிறகு மற்ற ஆறு டிக்கையும் ஒவ்வொன்றாக அடித்தார். அக்கா வலது கையை இரண்டு முறை உதறிவிட்டு, பதினான்காவது கேள்வியை எழுதத் தொடங்கினார்.