கழற்றி வைத்த பொத்தான்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. நான் சாமியாடியும் இல்லை, கதை கட்டுகிறவளும் இல்லை. செனாய் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணினி நிரல் எழுதுகிறவள். பெயர் லோஷினி. பேய் வர நள்ளிரவு வேண்டும் என்பார்கள். இது பட்டப்பகல். சீனப் புத்தாண்டுப் பெருநாளின் மூன்றாம் நாள்.

எங்கள் ஆலையில் செய்வது அழைப்புமணி. பேச முடியாமல் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிகளுக்கானது. விரலுக்கு அடியில் வைக்கிற மாதிரி ஒரு சின்ன கீபோர்டு. அதிலிருந்து ஒரு கம்பி பெட்டிக்குப் போகும். பொத்தானை அழுத்தினால் பெட்டியில் மணி அடிக்கும். பெட்டிக்குள் ஓடும் இயங்குதளம் நாங்களே எழுதியது. அதன் மையமான கெர்னலில் இருக்கும் கீபோர்டு டிரைவர் என்ற நிரல்துண்டுதான், விரல் பட்டது நிஜமான அழுத்தமா, வெறும் அதிர்வா என்று முடிவு செய்யும்.

பெருநாளுக்கு முந்தின வாரம் பெக்கோக் என்ற ஊரிலிருந்து, எங்கள் மணியை வாங்கியிருந்த புஷ்பவள்ளி அக்கா போன் செய்தார். பக்கவாதத்தில் விழுந்த தன் அப்பா ஐயாசாமியைப் பல வருடமாகத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர்.

"அப்பா அழுத்துறாரும்மா. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். ரெண்டு தட்டு தட்டுவாரு, நிறுத்துவாரு. மறுபடி ரெண்டு. விரலு நடுங்குது பாரு... மணிதான் அடிக்க மாட்டேங்குது."

"பாக்குறேன்க்கா. லீவுல உக்காந்து சரி பண்ணிடுறேன்."

அந்த டிரைவரை எழுதியவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. அன்று ஆலை முழுக்க விடுமுறை. வாசலில் காவலாளி. உள்ளே நான் மட்டும்.

மதியத்துக்குள் தப்பு கிடைத்துவிட்டது. பொத்தானில் விரல் பட்டதும் டிரைவர் ஒரு நொடிக்கும் குறைவாகக் காத்திருக்கும். அதற்குள் விரல் அசைந்தால், காத்திருப்பை முதலிலிருந்து தொடங்கும். நடுங்காத விரலுக்குப் பிரச்சினை இல்லை. நடுங்குகிற விரலுக்கு? நாள் முழுக்க அழுத்தினாலும் 'அதிர்வு' என்றே தள்ளிவிடும்.

அந்த மனிதர் எத்தனை முறை கூப்பிட்டிருப்பார்...

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மேசையில் சோதனைப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீபோர்டைக் காலையிலேயே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். டிரைவருக்கு வருவதெல்லாம் என் திரையில் வரிவரியாகத் தெரியும். எதுவும் வராததால் திரை காலியாக இருந்தது.

2:40. திரையில் ஒரு வரி.

பொத்தான் கீழே. பொத்தான் மேலே. அதிர்வு. தள்ளப்பட்டது.

இடி மின்னல் நேரம், கரண்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மறுபடி வந்தது. கம்பி செருகும் துளையில் விரல் வைத்துப் பார்த்தேன். காலி. பெட்டியை அணைத்து மறுபடி இயக்கினேன். வந்தது. அலமாரியிலிருந்து வேறு புதுப் பெட்டியை எடுத்து மாட்டினேன்.

அதிலும் வந்தது.

இரண்டு தட்டு. நிறுத்தம். இரண்டு தட்டு. நிறுத்தம்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே சொல். தள்ளப்பட்டது. தள்ளப்பட்டது. தள்ளப்பட்டது...

டிரைவரைத் திருத்தினேன். எவ்வளவு நடுங்கினாலும் முதல் தொடுதலையே கணக்கில் எடு. அவ்வளவுதான் திருத்தம். பெட்டியில் ஏற்றினேன்.

மணி அடித்தது.

ஆளில்லாத ஆலையில் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதியது. நின்றது. மறுபடி அடித்தது.

புஷ்பவள்ளி அக்காவுக்குப் போன் போட்டேன். மணி போனது. எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. வீடுகளில் எங்கள் பெட்டியை மாட்டித் தரும் ராஜசேகரன் அண்ணன் பக்கத்து ஊரான லாபிஸில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பெக்கோக் ஐயாசாமி தாத்தா வீட்டுக்கு உடனே போங்க."

"ஏம்மா, என்னாச்சு?"

"தெரியலண்ணே. அக்கா போன் எடுக்கல."

"பெருநாளுக்கு எங்கயாச்சும் போயிருப்பாங்க லா."

"தாத்தாவ விட்டுட்டு எங்கண்ணே போவாங்க?"

"சரி. கிளம்புறேன்."

நானும் காரை எடுத்திருக்கலாம். போய்ச் சேர ரொம்ப நேரமாகும். அதோடு... மணி அடிக்கும்போது எழுந்து போக மனம் வரவில்லை. கூப்பிடுகிறவரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தாத்தா... ஆள் வருது. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

மணி நிற்கவில்லை. ஆனால் இரண்டு தட்டு ஒன்றாகியது. இடைவெளி நீண்டது.

"விட்டுடாதீங்க தாத்தா. வந்துருவாங்க."

ஒரு தட்டு...

நீண்ட மௌனம்.

ஒரு தட்டு...

அழுதுகொண்டே பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

4:17. மணி நின்றது. அடுத்து வரவே இல்லை.

போன் அடித்தது.

"லோஷினி, இப்பதான் கதவ உடைச்சோம். அக்கா பாத்ரூம்ல விழுந்து கிடக்கிறாங்க. எழுந்திரிக்க முடியல, இடுப்பெலும்பு போயிருக்கும்னு நினைக்கிறேன். உயிர் இருக்கு. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு."

"தாத்தா?"

"தாத்தா போயிட்டாரும்மா."

"இப்பவா?"

"இல்லம்மா..." அவர் குரல் இறங்கியது. "உடம்பு விறைச்சுப் போயிருக்கு. விரலு மட்டும் பொத்தான் மேலயே இருக்கு."

முந்தின இரவே உயிர் பிரிந்திருக்கிறது என்றார் டாக்டர். புயல் மழையில் கரண்டு போய், இருட்டில் அக்கா வழுக்கி விழுந்திருக்கிறார். அவர் அலறியது அறைக்குள் படுத்திருந்த தாத்தாவுக்குக் கேட்டிருக்கும். தனக்காக இல்லை, மகளுக்காக அழுத்தியிருக்கிறார். அழுத்தியபடியே போய்விட்டார்.

அப்படியானால் மறுநாள் 2:40க்கு என் திரையில் தட்டியது யார்?

ஒரு வாரம் கழித்து அக்காவை மருத்துவமனையில் பார்த்தேன். இடுப்பில் அறுவை முடிந்திருந்தது. அப்பாவின் காரியத்துக்குக்கூடப் போக முடியாமல் கிடந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சரி பண்ணிட்டதானே லோஷினி? அன்னிக்கு மணி நல்லா அடிச்சுச்சு."

"விழுந்ததுலருந்து அடிச்சுக்கிட்டே இருந்தாரும்மா. விடிஞ்சும் அடிச்சாரு. எனக்குக் கண்ணு சொருகும், உடனே மணி அடிக்கும். தூங்கவே விடல. தூங்கியிருந்தா நான் முழிச்சிருக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னாங்க. கதவ உடைக்கிற வரைக்கும் அடிச்சாரு..."

அவர் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். பெட்டியைத் திறந்தபோது கண்டதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அவர் வீட்டுப் பெட்டியை ராஜசேகரன் அண்ணன் அதற்கு முந்தின நாளே கொண்டுவந்து கொடுத்திருந்தார். நானேதான் திறந்தேன். அக்கா விழுந்த அந்த ராத்திரிப் புயலிலேயே அதில் மின்னல் இறங்கியிருக்கிறது. உள்ளே எல்லாம் கருகிக் கரியாகி, மணி இருந்த இடத்தில் உருகிய பிளாஸ்டிக் கட்டிதான் ஒட்டிக்கொண்டிருந்தது.