சலவைக்கூடத்து எம்.ஏ.

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவனுக்குக் 'கமுக்கம்' என்று பெயர். யாரிடமும் பேச மாட்டான், பேச்சுக் கொடுத்தாலும் பிடி கொடுக்க மாட்டான் என்பதால் கூட வேலை செய்தவர்கள் வைத்தது. எதையோ உள்ளே அமுக்கி வைத்திருக்கிறான் என்று அவர்கள் நினைத்தது சரிதான். ஆனால் குடியா, கடனா, வேறு குடும்பமா என்று அவர்கள் தேடிய இடங்களில் அது இல்லை. அவன் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்திருந்தான்.

படிப்பு முடிந்த பிறகு சில ஆண்டுகள் நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்தான். ஓரிடத்தில் அனுபவம் இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில் இந்த வேலைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு, பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவீர்கள் என்றார்கள். அப்போதுதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தான். சலவைப் பிரிவுக்கு ஆட்கள் தேவை, பத்தாம் வகுப்பு போதும், கல்லூரி படித்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். அவன் பத்தாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். இல்லாத படிப்பை இருப்பதாகச் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இருக்கிற படிப்பை இல்லையென்று சொல்லி அவன் பிழைத்தான்.

பட்டம் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மனைவி மாட்டியது. கூட வேலை செய்கிற யாரையும் அவன் வீட்டுக்கு அழைத்ததில்லை.

அவன் வேலை படுக்கை விரிப்புகளை மடிப்பது. சூடான உருளைகளுக்கு நடுவே தேய்க்கப்பட்டு வெளியே வருகிற விரிப்பை ஒரு ஆளால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். ஒருவர் தன் முனைகளை மற்றவர் கையில் சேர்த்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். காலையிலிருந்து மாலைவரை வருவதும் போவதுமாக இதேதான். உயரமும் நடையும் ஒத்துப்போய்விட்டால் ஜோடியை மாற்ற மாட்டார்கள். அவன் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலிருந்து எதிரே நின்றவள் பெரியக்கா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், கூடத்திலேயே மூத்தவள். இரண்டு பேருக்குமான பேச்சை அவள் ஒருத்தியே பேசிவிடுவாள்.

"ஏன்டா தம்பி, உன் பொண்டாட்டி எப்படித்தான் உன்கூடக் குடும்பம் நடத்தறாளோ. செவத்துக்கிட்ட பேசினாலாவது எதிரொலி வரும்."

அவன் சிரிப்பான். அவளைப் பிடிக்கும். ஆனால் அவள் முகம் ஒவ்வொரு விரிப்புக்கும் ஒருமுறை அவன் முகத்துக்கு அத்தனை அருகில் வந்து போகும்போது, ஏமாற்றுகிறோம் என்ற கூச்சமும் கூடவே வந்து போகும்.

மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். கூடத்தின் ஓரத்துக் கண்ணாடி அறையில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி தனக்கு வரும் என்று பெரியக்கா நம்பினாள். அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நின்று செய்கிற வேலையை விட்டுவிடச் சொல்லி மருத்துவர் எச்சரித்திருந்தார். விட்டால் வீடு நடக்காது. நிர்வாகமோ புதிதாக ஒரு விதி போட்டிருந்தது: மேற்பார்வையாளர் பட்டதாரியாக இருக்க வேண்டும். உள்ளே பட்டதாரி ஒருவரும் இல்லையென்றால் மட்டுமே மூத்தவருக்கு.

"நமக்குத் தெரிஞ்ச டிகிரியெல்லாம் மிஷின்ல இருக்கற சுடுதண்ணி டிகிரிதான்" என்றான் உருளை ஓட்டுகிறவன். கூடமே சிரித்தது. பெரியக்கா அன்று விரிப்பைக் கொஞ்சம் வேகமாகவே உதறினாள்.

அவன் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"போய்ச் சொல்லிடுங்க."

"மறைச்சது தெரிஞ்சா இருக்கற வேலையும் போயிடும். தவிர, அந்தக்காவுக்கு முட்டி வலி."

"அக்காவுக்கு விட்டுக்குடுக்கறீங்களா, இல்ல பயப்படறீங்களா?"

அவன் சிதறிக் கிடந்த காய்த் துண்டுகளைத் தட்டில் சேர்த்தான்.

"ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்தா நான் என்னன்னு எடுத்துக்கறது? எங்க அண்ணன் கேக்கறப்பல்லாம் ஆஸ்பத்திரியில கணக்குப் பாக்கறாருன்னு சொல்றேன். வாய் கூசுது எனக்கு."

அன்று அவன் பேசாமல் இருந்துவிடுவது என்று முடிவு செய்தான். அந்த முடிவில் இரக்கம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. அப்படியே இருந்திருந்தால் அவனை நல்லவன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நிர்வாக அதிகாரி கூடத்துக்கே வந்தார். எல்லாரையும் மேசைகளைச் சுற்றி நிற்க வைத்து, "சும்மா ஒரு முறைக்குக் கேக்கறேன். இங்க யாராவது டிகிரி முடிச்சவங்க இருக்கீங்களா?" என்றார். யாரும் அசையவில்லை. அவர் பெரியக்காவின் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார். சந்தோஷத்தில் பெரியக்காவுக்கு வாய் நிற்கவில்லை.

"வேணும்னா இவனைக் கேளுங்க சார்" என்று அவன் தோளைத் தட்டினாள். "மூஞ்சியப் பாத்தா கலெக்டர் மாதிரி இருப்பான். பத்தாவதையே பரிட்சைப் பேப்பர் திருத்தினவரு பாவம் பாத்துப் போட்டு விட்டிருப்பாரு."

சிரிப்பு அலையாக எழுந்தது. அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வன்மம் துளியும் கிடையாது; தினமும் கேட்டுப் பழகிய கேலிதான். ஆனால் அவன் காதுமடல் சூடேறியது. பல ஆண்டு காத்த மௌனத்தை நியாயத்துக்காக உடைக்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. யாராவது சிரித்துவிட்டால் போதும், உடைத்துவிடுகிறார்கள். அவன் கை தானாக மேலே போனது.

"நான் எம்.ஏ. சார். யுனிவர்சிட்டியில மூணாவது ரேங்க்."

ரேங்கை யாரும் கேட்கவில்லை. அதையும் சேர்த்துச் சொன்னதுதான் பிற்பாடு அவனை அதிகம் குத்தியது.

பெரியக்காவின் கை அவன் தோளிலேயே இருந்தது. கொஞ்சம் கழித்து எடுத்துக்கொண்டாள். "அப்படியா தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

அதிகாரி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். "படிப்பைக் கூட்டிச் சொன்னவனையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். குறைச்சுச் சொன்னவனை என்ன பண்றதுன்னு விதியில இல்லையேய்யா." இரண்டு நாள் யோசித்து நாற்காலியை அவனுக்கே கொடுத்தார்.

மனைவி தெருவுக்கே சொன்னாள். கண்ணாடி அறைக்குள் அவன் செய்ய வேண்டியதெல்லாம் எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு போகிறது என்று பார்ப்பது, யார் லீவு என்று கவனிப்பது. எம்.ஏ.யில் படித்த ஒரு வரிகூட அதற்குத் தேவைப்படவில்லை. பெரியக்காவுக்குப் புது ஜோடி வந்தாள்; இளம் பெண், வேக நடை. ஈடுகொடுக்க முடியாமல் பெரியக்கா ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து போவது கண்ணாடி வழியே தெரிந்தது. அவன் பக்கவாட்டில் திரும்பி உட்காரப் பழகிக்கொண்டான். அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவளோ மறுநாளே 'சார்' என்றும் 'நீங்க' என்றும் மாறிவிட்டாள். கேலி அடியோடு நின்றுபோனது.

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த வாரம் அவள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்கு வந்தாள்.

"சார், காலேஜ் வேணாம், ஏதாவது கடைக்கு வேலைக்குப் போறேங்கறா. உங்களத்தான் சொன்னேன். என்கூட விரிப்பு மடிச்சவருதான்டி, ஒரு டிகிரி இருந்துச்சு, நாற்காலியே வந்துச்சுன்னேன். நம்ப மாட்டேங்கறா. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

அந்தப் பெண் அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க படிச்சது இங்க எதுக்காவது உதவுதா சார்?"

"இல்லம்மா" என்றான். "உங்கம்மாவுக்கு டிகிரி இல்லாமலே இந்த நாற்காலி வந்திருக்கும். அன்னிக்கு நான் கையைத் தூக்கலேன்னா..."

"சார்." பெரியக்கா குறுக்கே வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது. "அதெல்லாம் எனக்குத் தெரியும். அதைப் பேசவா நான் கால் வலியோட இவளை இழுத்துக்கிட்டு வந்தேன்? புள்ளைக்கு எது தேவையோ அதை மட்டும் சொல்லுங்க."

அவன் எழுந்து நின்றிருந்தான். உட்காரவும் முடியவில்லை. அம்மாவும் மகளும் காத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் புது ஜோடிப் பெண் விரிப்பின் ஒரு முனையைக் கையில் வைத்துக்கொண்டு பெரியக்காவைத் தேடினாள்.

"படிம்மா" என்றான். "படிச்சா நல்லது."

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் பெரியக்கா மகளிடம். அவன் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.