பருத்திக் காட்டில் மகளிர் கோல்ஃப்

கோல்ஃப் பந்தை நான் முதன்முதலாகக் கையில் தொட்டபோது எனக்கு வயது ஐம்பத்தாறு. தொட்ட பத்தாம் நாள், அந்த ஆட்டத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் சாம்பியன்ஷிப்பை நானே நடத்தினேன். உடற்கல்வி இயக்குநர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் அனுபவம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்கிறேன். முதலில் சிரிப்பார்கள். பிறகு தங்கள் கல்லூரி மைதானத்தை எத்தனை ஏக்கர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஓடுவார்கள்.

1. பதினெட்டு ஏக்கர்

பெரம்பலூரை ஒட்டி நான் வேலை பார்த்த மகளிர் கல்லூரிக்கு ஒரு கோகோ மைதானமும் ஒரு வாலிபால் கோர்ட்டும்தான் உண்டு. பின்னால் கிடப்பது கல்லூரிக்குச் சொந்தமான கரிசல் காடு. குத்தகைக்கு விட்டிருந்தார்கள், ஒரு வருஷம் பருத்தி, ஒரு வருஷம் மக்காச்சோளம். பல்கலைக்கழக ஆய்வுக் குழு வந்தபோது எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் அந்தக் காட்டையும் சேர்த்து 'விளையாட்டு மைதானம், பதினெட்டு ஏக்கர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குழு வந்து டீ குடித்துவிட்டுப் போய்விட்டது. பதினெட்டு ஏக்கர் மட்டும் ஃபைலில் தங்கிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்துப் பல்கலைக்கழகம் போட்டிப் பட்டியலில் புதிதாக கோல்ஃப் சேர்த்தது. அதிக இடம் உள்ள கல்லூரி எது என்று தேடியதில் நாங்கள் அகப்பட்டோம். சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு தாளாளரிடம் ஓடினேன். அது பருத்திக் காடு, அங்கே நடந்தாலே கால் பிசகும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பெரிய பெரிய பணக்காரங்க ஆடுற ஆட்டம் மேடம். அதுவே நம்மளத் தேடி வருது. வேணாம்னு சொல்லுவாங்களா?" என்றார்.

மைதானம் இல்லை என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் அன்றைக்கு எழுதிக் கொடுத்தது பொய் என்றாகிவிடும். ஆகவே கோல்ஃப் நடந்தே தீரவேண்டும் என்று முடிவாயிற்று.

2. புல் வெட்டுகிறவர் மகள்

கல்லூரியில் அந்த ஆட்டம் தெரிந்தவள் ஒரே ஒருத்திதான். மூன்றாம் ஆண்டு வரலாறு படித்த ரிஸ்வானா. லப்பைக்குடிக்காட்டுப் பெண். அவளுடைய அத்தா வளைகுடா நாட்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை பார்க்கிறார். யாரோ தூக்கிப் போட்ட ஐந்து மட்டைகளையும் ஒரு பை நிறையப் பந்துகளையும் போன முறை ஊருக்கு வரும்போது கொண்டுவந்திருந்தார். விடுமுறை முழுக்க வீட்டுக் கொல்லையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ரிஸ்வானா எனக்கு கோகோ பிள்ளை. இரண்டு வருஷம் நன்றாக ஓடினாள். பல்கலைக்கழகப் போட்டிக்கு முந்தின வாரம் முழங்கால் போய்விட்டது. கையில் ஒரு சர்டிபிகேட்கூட இல்லை. அவளுக்கு உடற்கல்வி ஆசிரியர் படிப்பான பி.பி.எட். சேர வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் இடம் கிடைக்கும். அதற்குப் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த சான்று வேண்டும். இந்த வருஷம் இடம் கிடைத்தால் படிக்கட்டும், இல்லையென்றால் நிக்காஹ் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். அந்த வருஷத்தில் மீதி இருந்த போட்டி இது ஒன்றுதான். ஊரே சிரிக்கும் இந்த ஆட்டத்தில் அவளுக்கு மட்டும் ஒரு வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

3. மூணுக்கு மூணு

என் பிழையை நானே சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரிலிருந்து வேலைக்கு வந்த பெண்களிடம், "காட்டுல அங்கங்க ஒம்பது குழி வெட்டிக் கொடி நட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, போட்டி வேலையாக அரியலூருக்கு பஸ் ஏறிவிட்டேன். அளவு சொல்லவில்லை. அவர்கள் நூறு நாள் வேலையில் மரக்கன்றுக்குக் குழி வெட்டிப் பழகியவர்கள். திரும்பி வந்து பார்த்தால் ஒன்பது குழியும் நீளம் மூன்றடி, அகலம் மூன்றடி, ஆழம் மூன்றடி. நூல் பிடித்த மாதிரி வெட்டியிருந்தார்கள்.

குழுத் தலைவி அஞ்சலையிடம் பந்தைக் காட்டி, இது விழுகிற அளவு போதும் என்றேன். அவர் பந்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"குழின்னா மூணுக்கு மூணுதாங்க. இதுக்குப் போயி யாராச்சும் குழி வெட்டுவாங்களா?"

மறுநாள் போட்டி. காலையில் மூடிச் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அது என் இரண்டாவது பிழை.

காலையில் அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்த மூன்று கல்லூரி அணிகளை பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்துவந்தேன். மூன்றுமே ஹாக்கி மட்டையோடு இறங்கின. எங்களோடு சேர்த்து நான்கு கல்லூரி. காட்டுப் பக்கம் மைக் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஒன்பது குழியிலும் ஒன்பது வேப்பங்கன்று நின்றது. மண் தள்ளி, தண்ணீர் ஊற்றி, கொடிக் கம்பையே முட்டுக்கொடுத்துக் கட்டியிருந்தார்கள். தொடக்க விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் கடைசிக் கன்றுக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போட்டோ எடுத்தார்கள்.

தாளாளர் என்னைத் தனியாக அழைத்தார்.

"குழி வெட்டிக் கொடியும் நட்டு வச்சிட்டு, கன்னு வாங்க மறந்துட்டீங்களே மேடம். நல்லவேளை நான் பாத்தேன். நர்சரிக்கு ஆள் அனுப்பி வாங்கியாந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. பிடுங்கலாமா என்று கேட்டேன். சிறப்பு விருந்தினர் கையால் நட்ட கன்று, பேப்பரில் போட்டோ வரப்போகிறது, கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

4. நாலே கால் அங்குலம்

பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையாளராக ராஜசேகரன் சார் வந்திருந்தார். கபடிக்காரர். கோல்ஃப் ஆட்டத்தை அவரும் பார்த்ததில்லை. ஆனால் விதிப் புத்தகத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, கையில் டேப்போடு வந்திருந்தார். குழியின் வாய் நாலே கால் அங்குலம் இருக்க வேண்டும், இங்கே குழியே இல்லை, கன்றுதான் இருக்கிறது, ஆகவே போட்டி நடந்ததாகக் கையெழுத்துப் போட முடியாது என்றார். நியாயமான பேச்சு.

ரிஸ்வானா அத்தாவுக்கு போன் போட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அங்கேயும் மண்ணுக்குள் குழாய் மாதிரி ஒரு டப்பாவைத்தான் புதைப்பார்களாம். ஹாஸ்டல் பாத்ரூமில் ஒரு பிளம்பர் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்பை ஒன்பது துண்டாக அறுத்துக் கொடுத்தார். குழியில் புது மண் நிரம்பியிருந்ததால் ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் ஒரு துண்டு லேசாக இறங்கிவிட்டது. தாளாளர் கன்று நடாமல் விட்டிருந்தால் மூன்றடிப் பள்ளத்தோடு நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. பார்வையாளர் டேப் வைத்தார். உள்வாயை அளந்தால் குறைந்தது, வெளிவாயை அளந்தால் ஏறக்குறைய சரியாக இருந்தது. வெளிவாயையே எழுதிக்கொண்டார்.

ஹாக்கி மட்டை கூடாது என்றார். சரி, ரிஸ்வானாவின் ஐந்து மட்டையை எல்லாரும் மாறி மாறி வாங்கி அடிக்கலாம் என்றேன். ஒருத்தர் மட்டையை இன்னொருத்தர் வாங்கக் கூடாது என்று விதி இருப்பதாக ரிஸ்வானாவே சொன்னாள். அப்படியானால் அவள் ஒருத்திதான் ஆட முடியும். பார்வையாளர் அந்தப் பக்கத்தை மட்டும் சத்தமில்லாமல் புரட்டிவிட்டார்.

5. ஆட்டம்

அந்த வருஷம் பருத்தி. எடுப்பு முடிந்து செடி வெட்டியாகிவிட்டது. ஆனால் காடு முழுக்க உதிர்ந்த பருத்தி வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. பந்தும் வெள்ளை. முதல் அரைமணி நேரத்தில் ஏழு பந்து காணாமல் போனது. பொறுக்கிக்கொண்டு வந்ததெல்லாம் பஞ்சு. தொடக்க விழாத் தட்டில் மீந்த குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துப் பந்துகளில் பூசினோம். சிவப்பாக இருந்ததைப் பார்த்து இரண்டு மயில் இறங்கிவந்தன. மயிலை விரட்ட ஒரு கல்லூரி மாணவிகளை முழுநேரமாகப் போட்டோம். அவர்கள் ஹாக்கி மட்டைக்கும் ஒரு வேலை கிடைத்தது.

ரிஸ்வானா ஒருத்திதான் அளந்து அடித்தாள். ஆனால் கரிசலில் அளந்து அடித்த பந்தும் அளக்காமல் அடித்த பந்தும் ஒன்றாகத்தான் உருளும். அரியலூர்ப் பெண் தமிழரசி ஹாக்கி அடிக்கிற மாதிரியே தரையோடு இழுத்து இழுத்து வந்து, எட்டாவது குழியில் அவளைத் தொட்டுவிட்டாள். இருவர் கணக்கும் சமம்.

ஒன்பதாவது குழியை ரிஸ்வானா ஆறு அடியில் முடித்தாள். தமிழரசி நான்கு அடித்திருந்தாள். நான்காவதில் பந்து பைப்புக்கு ஒரு முழம் முன்னால் நிலவெடிப்பில் விழுந்துவிட்டது. வெயில் காலத்துக் கரிசல் வெடிப்பு, கை முழுக்க உள்ளே போகும். பந்து போனது போனதுதான், பழைய இடத்துக்கே போய்த் தண்டனையோடு அடிக்க வேண்டும் என்று பார்வையாளர் சொல்லத் தொடங்கினார். அப்படிச் செய்தால் ரிஸ்வானா ஜெயித்துவிடுவாள். அவருக்கே சந்தேகம் வந்து, விதி தெரிந்த ஒரே ஆளைப் பார்த்தார்.

நானும் அவளைத்தான் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்று மனசுக்குள் கெஞ்சினேன். முப்பது வருஷம் விசில் ஊதிய எனக்கு அதில் வெட்கம் இல்லாமல் போனதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

"அத்தா வேல பாக்குற எடத்துல, இந்த மாதிரி வெடிப்புல வுழுந்தா எடுத்து வெளிய வச்சு அடிக்க வுடுவாங்க சார். அத ஒரு அடியா சேக்க மாட்டாங்க," என்றாள் ரிஸ்வானா.

தமிழரசி எடுத்து வைத்தாள். ஒரே தட்டு. பந்து பைப்புக்குள் இறங்கியது. ரிஸ்வானாவுக்கு இரண்டாம் இடம்.

6. ஒரு கையெழுத்து

இரண்டாம் இடத்துச் சான்றும் ஒதுக்கீட்டுக்குச் செல்லும் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்குள் பார்வையாளர் அறிக்கைப் படிவத்தை நீட்டினார். அதில் நடுவர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. நடுவர் யார் என்று கேட்டார். எங்கள் ஊரில் கோல்ஃப் நடுவருக்கு எங்கே போவது? நான் போடுகிறேன் என்றேன். எனக்கு ஆட்டமே தெரியாது என்பதைக் காலையிலிருந்து அவரே பார்த்திருந்தார்.

"நடுவர் வேல பாத்ததெல்லாம் இந்தப் பொண்ணுதாங்க. போட்டா அதுதான் போடணும். ஆனா நடுவரா போட்டுட்டா ஆட்டக்காரங்க லிஸ்ட்டுல பேரு இருக்கக் கூடாது. அடிச்சிடணும்."

நான் சண்டை போட்டேன். அவருக்கும் மனசில்லை, குரல் இறங்கித்தான் பேசினார். கையெழுத்து இல்லாவிட்டால் போட்டியே செல்லாது, நான்கு கல்லூரியில் ஒருத்திக்கும் சான்று கிடையாது என்றார். ரிஸ்வானா திரும்பிப் பார்த்தாள். தமிழரசியும் மற்றவர்களும் புளியமரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்து லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் பேனாவை வாங்கி, அறிக்கையிலும் சான்றுகளின் அடியிலும் தமிழில் முழுப்பெயரை எழுதினாள். பிறகு பட்டியலில் இரண்டாவதாக இருந்த தன் பெயரைத் தானே கோடு போட்டு அடித்தாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. பஸ் ஏற்றிவிடும்வரை அவளோடு பேசவில்லை.

7. தேர்வுக் குழு

பி.பி.எட். தேர்வுக்கு அவளோடு நானும் போனேன். விண்ணப்பத்தில் இணைக்க அந்த நடுவர் அறிக்கையின் நகல் ஒன்றுதான் இருந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் தமிழரசி. கோல்ஃப் முதலிடம் என்றதும் குழுவில் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இடம் கொடுத்தார்கள்.

அடுத்து ரிஸ்வானா. தலைவர் அவள் விண்ணப்பத்தில் இருந்த பெயரைப் படித்தார். பக்கத்தில் இருந்த தமிழரசியின் சான்றை எடுத்துக் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இப்ப போச்சே, அந்தப் பொண்ணுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நீதானாம்மா?"

"ஆமாங்க சார்."

மூன்று பேரும் தலையைக் குனிந்து நெடுநேரம் பேசினார்கள். நடுவருக்கு ஒதுக்கீடு உண்டு என்றும் விதியில் இல்லை, கிடையாது என்றும் இல்லை. கடைசியில் தலைவர் பேனா மூடியைத் திறந்தார்.

"சர்டிபிகேட்டு வாங்குனவங்களுக்கு சீட்டக் குடுத்துட்டு, அதக் குடுத்தவங்களுக்கு இல்லன்னு எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு சொல்றது?" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

வெளியே வந்ததும் ரிஸ்வானா முதலில் அத்தாவுக்கு போன் செய்தாள். அன்றைக்குப் பருத்திக் காட்டில் நான் மனசுக்குள் கெஞ்சியபடி அவள் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அவள் ஜெயித்திருப்பாள், ஜெயித்தவள் பெயரை அடித்து நடுவராக்க யாரும் துணிந்திருக்க மாட்டார்கள், நடுவர் கோடு காலியாகவே கிடந்திருக்கும், ஒருத்திக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எதிராளிக்கு லாபமான விதியாக இருந்தாலும் தெரிந்த விதியை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். என் மாணவி ஒருத்தி அதைச் சொன்னாள், நான் சொல்லியிருக்க மாட்டேன்.