காலியான இடத்தில் ஒரு பர்கண்டி

பூசை முடிந்து தேவாலய வளாகத்தில் காப்பி குடிக்கும்போதுதான் அவரிடம் பேசிப் பழக்கம். கணவரை இழந்தவர், நகரத்தில் ஓர் ஒயின் கடையில் வேலை. நான் ஐம்பதை நெருங்கும் தனியாள். சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வெயில், மழை, ரயில் தாமதம் தாண்டி எங்கள் பேச்சு போனதில்லை. ஒரு நாள் அவரே, “சனிக்கிழமை சாப்பிட வாங்களேன்” என்றார். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அன்றைக்குக் கேட்டுவிடுவது என முடிவு செய்தேன்.

தேக்கா சந்தையில் மைசூர்பாகு வாங்கிப் போகலாம் என்றுதான் கிளம்பினேன். ஒயின் கடைக்காரருக்கு ஒயின்தானே பொருத்தம் என்று தோன்றியது. வேறொரு கடையில் நுழைந்து நல்லதாகக் கேட்டேன். பிரான்சில் பர்கண்டிப் பக்கத்துச் சிவப்பு ஒயின் ஒன்றைச் சுற்றிக் கொடுத்தார்கள்.

புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் தன் வீட்டில் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலில் ஆண்டைப் பார்த்தார்.

“இதை இப்ப தொறக்க வேணாம்.”

எனக்கு முகம் சூடானது. “நல்லா இல்லையா?”

“ரொம்ப நல்லது. ஆனா சின்னப் புள்ள. இப்ப குடிச்சா முறுக்கிக்கிட்டு நிக்கும். ஏழெட்டு வருஷம் படுக்கட்டும்.”

கொண்டுபோனதைத் திறக்கவில்லை, அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். கேட்க வந்ததை விழுங்கிவிட்டேன்.

சமையலறை மூலையில் ஒயினுக்கென்றே ஒரு சின்னக் குளிர்பெட்டி. அதிலிருந்து பொஜொலே ஒயின் ஒன்றை எடுத்து, வடையோடு ஊற்றித் தந்தார். பர்கண்டிக்குத் தெற்கே பக்கத்து ஊராம். “இந்த ரகம் காத்திருக்காது. மோந்து பாத்துச் சொல்லுங்க.”

“எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க.”

“மூக்கு இருக்குல்ல? சொல்லுங்க லா.”

“நாவப்பழம். அப்புறம்… மழை பேஞ்சா அடுக்குமாடிக்குக் கீழ வாய்ட் டெக்ல ஒரு வாசம் வருமே, அது.”

“வாய்ட் டெக்கா! எங்க முதலாளி கேட்டா மயங்கி விழுந்துருவாரு” என்று சிரித்தார்.

ஆவியில் வெந்த மீனை மேசையில் வைத்தவர், சற்று நின்றார். பிறகு பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பர்கண்டியை எடுத்தார்.

“எங்க வீட்டுக்காரர் வாங்கி வச்சது. தனியா குடிக்க மனசே வரலை.”

நிறம் நல்ல பொன்னாகியிருந்தது. கெட்டுப்போயிருக்குமோ என்று அவருக்கே பயம். முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கெடவில்லை. வறுத்த முந்திரி வாசம், கொஞ்சம் தேன், நாக்கின் ஓரத்தில் இன்னும் எலுமிச்சைப் புளிப்பு.

கிளம்பும்போது என் போத்தலைக் கையில் எடுத்தேன்.

“எங்க கொண்டு போறீங்க?”

“ஈசூன்ல என் வீட்டுக்குத்தான். சாமான் போடுற பாம் ஷெல்டர் ரூம்ல அரிசி மூட்டை பக்கத்துல வச்சுக்கிறேன்.”

“ஐயோ, அந்தச் சூட்டுல பாழாப் போயிடும். கொடுங்க இங்க.”

வெள்ளை ஒயின் இருந்த அதே இடத்தில் அதைப் படுக்க வைத்தார். முதுகைக் காட்டியபடியே கேட்டார்: “அப்புறம் இதையும் நான் மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

“வேணாம்” என்றேன். விழுங்கியது அப்போதுதான் வெளியே வந்தது. ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

குளிர்பெட்டிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். “இன்னைக்குப் பாத்து வீட்ல ஒரு இனிப்புகூட இல்ல.”

“தேக்காவுக்குப் போயிட்டு வந்துடறேன்.”

“நல்ல ஆளு! இருங்க, நானும் வர்றேன்” என்று செருப்பைத் தேடினார்.