தூர நின்று அடிக்கிறவன்

போன வாரம் வாடகை ஒப்பந்தத்துக்காக ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க மேனாம்பேட்டில் ஒரு கடைக்குப் போனேன். சூடாக வெளியே வந்த தாளை வாங்கி, வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனேன். இந்தப் பழக்கம் எனக்கு மட்டும்தானா, உங்களுக்கும் உண்டா தெரியவில்லை. அந்த வாசனை மூளைக்குப் போவதற்கு முன் என் இடது கைக்குப் போய்விட்டது. கண்ணாடி மேசையின் மேல் மூன்று விரல்கள் முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று தாமாகவே தட்ட ஆரம்பித்தன. கடைக்காரர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"இன்னா சார், கை ஆடுது? சுகர் கீதா?"

சுகர் இருக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் ஒரு காலத்தில் நான் பெரிய வில்லாளியாக இருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு முன்னால் என் தொப்பை கடைக்குள் நுழைந்திருந்தது. நம்பியிருக்க மாட்டார். சிரித்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கரூரிலிருந்து வேலைக்கு வந்த புதிது அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆபீஸ். கடல் தாண்டி இருக்கிறவர்களின் பிரிண்டர் ஏன் ஓடவில்லை என்று அவர்களுக்கே மெயிலில் விளக்குவது என் வேலை. அதற்கு முன் நான் பிரிண்டரைத் தொட்டதுகூட இல்லை. பக்கத்து நாற்காலி தில்லிபாபுவுடையது, எல்லோருக்கும் அவன் பாபு. முத்தாபுதுப்பேட்டைக்காரன். அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஊழியர். காலை ஷிப்ட் முடிந்து மதியம் வெளியே வந்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றாது. நேராகக் கலா அக்காவின் பிரவுசிங் சென்டருக்குப் போவோம்.

சென்டர் உண்மையில் அக்காவின் அண்ணனுடையது. அண்ணன் பெயர் பலகையில் இருந்தது, அக்கா உள்ளே இருந்தார். செருப்பை வெளியே விட வேண்டும் என்பது சட்டம். அதனால் ஏசி அறைக்குள் நாள் முழுக்கச் சாக்ஸ் வாசனை. அதை அமுக்க மல்லிகை வாசனை ஸ்பிரே. இரண்டுக்கும் மேலே வாசலோரம் இருந்த ஜெராக்ஸ் மிஷினின் சூடான வாசனை. இந்த மூன்றும் கலந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் நாங்கள் ராட்சசர்களைக் கொன்றோம்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு பாதாளக் குகை. மூன்று பேர் சேர்ந்து போக வேண்டும். முன்னால் நின்று அடி வாங்க ஒருவன், அவன் சாகாமல் மந்திரம் போட்டுக் காயத்தை ஆற்ற ஒருவர், தூர நின்று அடிக்க ஒருவன். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு அடி வாங்கியது பாபு. ஆற்றியது கலா அக்கா. முதலில் நாங்கள் கத்துகிற கத்தலை நிறுத்தத்தான் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். பிறகு நாங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறோம் என்று கேட்டார். அடுத்த வாரம் அவரே ஒரு வெள்ளை அங்கிக்காரியாகக் குகைக்குள் வந்துவிட்டார். தூர நின்று அடித்தது அடியேன். பச்சைச் சட்டை, தோளில் வில், இடுப்பு வரை தலைமுடி. எனக்கு நிஜத்தில் முடி கொட்ட ஆரம்பித்திருந்த வருஷம் அது. அந்த ஏக்கத்தையெல்லாம் அவன் தலையில் வளர்த்திருந்தேன்.

தூர நின்று அடிப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அடி விழாது, வியர்க்காது. ஆனால் ராட்சசனுக்கு யார்மேல் கோபம் அதிகமோ அவனைத்தான் அவன் அடிப்பான். அந்தக் கோபத்தை முதலில் பாபு திட்டியும் குத்தியும் தன்மேல் இழுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை வில்லாளி வேடிக்கை பார்க்க வேண்டும். பிறகு அளவாக அடிக்க வேண்டும். ரொம்ப அடித்தால் கோபம் நம் பக்கம் திரும்பிவிடும். ரொம்பத் தள்ளி நின்றால் அக்காவின் மந்திரம் எட்டாது. கிட்டே போனால் தரையில் பற்றி எரிகிற நெருப்பில் கால் வெந்துவிடும். மொத்தத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவனுக்கான வேலை அது. நான் போய் அதை எடுத்திருந்தேன்.

நிற்கிற இடம் எனக்கு எப்போதுமே தகராறுதான். பாபு ஒருமுறை எஸ்டேட் பின்னாடி கிரவுண்டுக்குக் கிரிக்கெட் ஆடக் கூட்டிப்போனான். பந்து மேலே பட்டுவிடுமோ என்று பவுண்டரியிலிருந்து பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஒரு அருமையான கேட்ச் பிடித்தேன். கையைத் தூக்கிக் குதித்தபோதுதான் அது பக்கத்தில் நடந்துகொண்டிருந்த வேறொரு மேட்ச்சின் பந்து என்று தெரிந்தது. அவுட்டான ஆள் பேட்டோடு என்னை நோக்கி வந்தான். பாபுதான் நடுவில் புகுந்து சமாதானம் பேசினான். குகையிலும் இதே கதை. எங்கள் அறையிலிருந்த ராட்சசனை விட்டுவிட்டு, சிவனே என்று அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஓநாய்க் கூட்டத்தின்மேல் என் அம்பு போய் விழும்.

"உனுக்குன்னு தனியா ஒரு ஓநாய் பண்ணையே வெச்சிகீறியாடா?" என்பான் பாபு, செத்து விழுந்தபடி.

எனக்கோ எண்கள் வேண்டும். அம்பு பட்டால் ராட்சசன் தலைக்கு மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு எண் எழும்பும். பலமான அம்பென்றால் எண் பெரிதாக வரும். சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தார்கள் என்று ஒரு அட்டவணை வரும். அதில் என் பெயர் மேலே இருப்பதைப் பார்ப்பதில் எனக்கிருந்த சந்தோஷம் சம்பள நாளில்கூட இருந்ததில்லை. மூன்று பேரும் செத்துக் கிடக்கும்போது நான் மட்டும் அட்டவணையைத் திறந்து, பார் நான்தான் முதல் என்பேன். கலா அக்கா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அம்பே தேவலை.

குகையின் கடைசியில் ஒரு கல் ராஜா உட்கார்ந்திருப்பான். கையில் சம்மட்டி, மார்பு வரை தாடி. அக்கா அவனைத் தாடிக்காரன் என்பார். அவன் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரு கதவு. அவன் செத்தால்தான் அது திறக்கும். அவனோ சாகவில்லை. காரணம் நான். அவன் உயிர் கொஞ்சமாகத் தேய்ந்து நூலிழை மாதிரி ஆனதும் எனக்குக் கை துறுதுறுக்கும். பெரிய அம்பை எடுத்துவிடுவேன். பெரிய எண் எழும்பும். தாடிக்காரன் பாபுவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்புவான். நான் பதறி அக்காவின் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். சம்மட்டி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே நசுக்கும். மாதக்கணக்கில் இப்படியே போனது.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாபு ஒருநாள், யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருப்பார்கள், தேடிக் காட்டுகிறேன் என்றான். அக்கா அவன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கிவிட்டார்.

"எவனோ பாத்தத நான் இன்னாத்துக்குப் பாக்கணும்? என் காலால நான் போய் பாக்குறேன்."

அதற்குள் எல்லோர் கையிலும் இன்டர்நெட்டோடு போன் வந்துவிட்டது. சென்டருக்கு வருகிறவர்கள் குறைந்து, கடைசியில் ஜெராக்ஸுக்கு வருகிறவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அண்ணன் கடையைக் காலி செய்ய முடிவெடுத்தார். கம்ப்யூட்டர்களைப் பூந்தமல்லியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வாங்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி வரும். அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, இனி வாங்கப் போவதும் இல்லை. ஆக, கதவைத் திறப்பதென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் திறக்க வேண்டும்.

அன்று மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். என்னை வெளியே அனுப்பிவிட்டு வேறு யாரையாவது சேர்த்துக்கொள்ளலாமா என்று பாபு அக்காவிடம் என் காது படவே கேட்டான். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு, இருந்துட்டுப் போகட்டும் என்றார். பாபு என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், அவன் உசுரு கம்மியானதும் சோத்துக் கைய தொடைக்கு அடியில போட்டு அதும் மேல குந்திக்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத."

சண்டை தொடங்கியது. நான் அளவாக அடித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு ஒழுக்கமாக இருந்ததில்லை. தாடிக்காரனின் உயிர் பாதியானது, கால்வாசியானது. நூலிழைக்கு வந்தபோது நிஜமாகவே என் வலது கைமேல் நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஷட்டருக்கு அடியில் ஒரு தலை குனிந்து எட்டிப் பார்த்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குடியிருப்புப் பெரியவர் ஒருவர், கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ரேஷன் கார்டு. ஜெராக்ஸ் வேண்டும் என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கலா அக்கா அந்தக் கடையில் இருந்த காலம் முழுக்க ஜெராக்ஸுக்கு வந்த ஒருவரையும் காக்க வைத்ததில்லை. சண்டை தொடங்கும் முன் வாசலுக்குப் போய், யாருக்காவது ஜெராக்ஸ் வேணுமா, இப்பவே எடுத்துக்கங்க என்று தெருவைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் வந்து உட்காருவார். அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்ட தைரியத்தில் கேட்கவில்லை. பெரியவர் குரல் கேட்டதும் அக்காவின் உடம்பு தானாகவே எழுந்துவிட்டது.

"தோ வந்துட்டேன், ஒரு நிமிசம் புச்சிக்கோங்கடா" என்றபடி மிஷினுக்குப் போய்விட்டார்.

ஆற்ற ஆளில்லாத பாபு அடுத்தடுத்து நாலு சம்மட்டி வாங்கிச் செத்தான். தாடிக்காரன் திரும்பினான். நடு மண்டபத்தில் அக்காவின் வெள்ளை அங்கிக்காரி அசையாமல் தனியாக நின்றாள். அவள் செத்தால் பாபுவை மந்திரம் போட்டு எழுப்ப ஆளில்லை. மறுபடி தொடங்க நேரமும் இல்லை. தாடிக்காரன் அவளை நோக்கி நடந்தான். நான் தொடைக்கு அடியிலிருந்து கையை உருவினேன். யாரும் கேட்காமலே அவனுக்குக் கோபமூட்டுவதில் எனக்கு மாதக்கணக்கில் பயிற்சி இருந்தது. பெரிய அம்பு, பெரிய எண். என் பக்கம் திரும்பினான். நான் ஓடினேன்.

ஓடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இடது கையின் மூன்று விரல்களால் விசைகளைத் தட்டித் தட்டி, மண்டபத்தின் தூண்களைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். எட்டிப் பிடித்துவிடாத தூரம், மறந்துவிடாத தூரம். மறந்துவிடுவான் போலத் தோன்றினால் திரும்பி ஒரு சின்ன அம்பு, மறுபடி ஓட்டம். பயத்தை அவ்வளவு நேர்த்தியாக நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பிறகும் செய்ததில்லை. அங்கே பெரியவர், முன்பக்கம் போதாது, பின்பக்கமும் வேண்டும், எழுத்து மங்கலாக இருக்கிறது, இன்னொன்று எடும்மா என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாபு நாற்காலியிலிருந்து எழுந்து மிஷினருகே ஓடினான்.

"யக்கா, நீ போ, நான் எட்த்துத் தரேன். நான்தான் செத்துட்டேனே."

அக்கா திரும்பி ஓடிவந்தார். பெரியவரும் ஜெராக்ஸை மறந்துவிட்டு அவர் பின்னாலேயே வந்து என் திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, அந்தப் பச்ச சட்ட ஏன் ஓடிகினே கீறான்?"

"அவன் வேலயே அதான் பெரியவரே" என்றார் அக்கா, கண்ணை எடுக்காமல். அவர் என்னைப் பாராட்டிய ஒரே சந்தர்ப்பம் அது.

அக்கா பாபுவை எழுப்பினார். அங்கே எழுந்த பாபு இங்கே நாற்காலிக்கு ஓடிவந்து கேடயத்தைத் தூக்கி, தாடிக்காரனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இப்ப அடி மச்சான் என்றான். நான் சின்னச் சின்ன அம்பாக, ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட்டு விட்டு அடித்தேன். தாடிக்காரன் தாடியோடு சரிந்தான். கதவு திறந்தது.

அக்கா முதல் ஆளாக உள்ளே நடந்தார். பாபு தன் நாற்காலியை அவர் திரைப் பக்கம் நகர்த்திக்கொண்டான். உள்ளே ஒரு ஏரி. அவ்வளவுதான். புதையல் இல்லை, ராட்சசன் இல்லை. பாதாளத்துக்கு அடியில் யாருமில்லாத ஒரு பெரிய ஏரி.

"செம்பரம்பாக்கம் மாரியே கீதுடா" என்றார் அக்கா மெதுவாக.

"அதுக்கு பஸ்லயே போயிருக்கலாமேக்கா" என்றான் பாபு.

அக்கா சிரித்தார். ஆனால் வெளியே வரவில்லை. வெள்ளை அங்கிக்காரியைக் கரையோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டி வந்தது. வந்தவர்களிடம் முதலில் டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பாபுவுடையது, என்னுடையது. அக்காவுடையதைக் கடைசியாக. லாக் அவுட் செய்யுங்கம்மா என்று அந்த ஆள் சொன்னதற்கு, பரவாயில்லை, அப்படியே பிடுங்கிக்கோ என்றார்.

இப்போது அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். கலா அக்கா குடும்பத்தோடு ஓசூர் பக்கம் போய்விட்டார். அவர் நம்பருக்குப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். விளையாட்டை நடத்திய கம்பெனியும் கடையைச் சாத்திவிட்டது. குகை, தாடிக்காரன், என் இடுப்பு வரை தலைமுடி எல்லாம் அணைத்துப் போட்டாகிவிட்டது.

ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த அன்று பாபுவுக்குப் போன் செய்தேன். பேச்சு அந்த ஏரிக்குப் போனது. தண்ணீர் நல்ல நீலம் என்றேன். பச்சை என்றான். நீலம்தான் என்று அடித்துச் சொன்னேன்.

"நீ எங்கடா மச்சான் பாத்த? நாங்க ஏரியப் பாத்துகினு இருந்தோம். நீ அட்டவணையத் தொறந்து வெச்சிகினு, எனுக்கும் கீழ உன் பேரு வந்துச்சுன்னு பொலம்பிகினு இருந்த. அதுக்குள்ள உன் ப்ளக்க புடுங்கிட்டாங்கோ."