கதிரை அடுக்க ஆள் வராத கூட்டம்

கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கலஹாவில் எந்தத் தேர்தல் வந்தாலும் யார் ஜெயிப்பார் என்று என் கணவரிடம்தான் கேட்பார்கள். அவர் ஜோசியரும் அல்ல, அரசியல்வாதியும் அல்ல. டென்ட், கதிரை, ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர். கல்யாணம், சாவு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஊர் உட்காருவது அவருடைய கதிரைகளில்தான். எல்லாக் கட்சிக்காரரும் வாடிக்கையாளர்கள் என்பதால் யாருக்காகவும் வாய் திறந்து பிரசாரம் செய்யமாட்டார். ஆனால் கடை வாசலில் நின்று, அண்ணே, இந்த முறை யார் என்று கேட்டால் சொல்லிவிடுவார். சொன்னது பெரும்பாலும் நடந்தும் விடும். அந்தப் பெருமை அவருக்கு உண்டு, எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அவருடைய வித்தையில் ரகசியம் ஒன்றும் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கவே மாட்டார். கூட்டம் முடிந்த பிறகு கதிரையை யார் அடுக்குகிறார்கள் என்று பார்ப்பார். எங்கள் பக்கத்தில் சாவு வீடானாலும் கல்யாண வீடானாலும் காரியம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே நாலு பேர் எழுந்து கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். நம் வீட்டுக் காரியம் என்று நினைக்கிறவர்களின் கை சும்மா இருக்காது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சாரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுவார்கள். கட்சிக் கூட்டத்திலும் அதுதான் கணக்கு என்பார்.

போன பொதுத் தேர்தலில் இப்போதைய ஆளுங்கட்சியின் கூட்டம் முடிந்தபோது, எங்கள் ஆட்கள் லொறியிலிருந்து இறங்கும் முன்பே கதிரைகள் எல்லாம் அடுக்கியாகிவிட்டன. மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள்கூட ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும், அள்ளிக்கொண்டு போகப்போகிறார்கள் என்றார். அள்ளிக்கொண்டுதான் போனார்கள்.

அது நடந்து சில மாதங்களில் உள்ளூராட்சித் தேர்தலை அறிவித்தார்கள். ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போது வருகிற தேர்தல் என்பதால் கொழும்பில் அரசாங்கம் மாறாது. பிரதேச சபைக்கு யார் என்பதுதான் கேள்வி. ஆளுங்கட்சியின் அமைப்பாளர் கண்டியிலிருந்து என்னைத் தேடி வந்தார். நான் முன்பள்ளி நடத்துகிறேன், தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் பிறந்து வளர்ந்தவள், சிங்களமும் பேசுவேன். எங்கள் வட்டாரத்துக்கு இப்படி ஒரு பெண் வேட்பாளர்தான் வேண்டும் என்றார். இந்தச் சின்னத்தில் ஒரு கம்பை நட்டு வைத்தாலும் ஜெயிக்கும் மிஸ் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். கம்பாக நிற்க எனக்கு ஆசையில்லை. ஆனாலும் சம்மதித்தேன்.

சம்மதித்ததற்குக் காரணம் ஒரு ரோடு. பெருந்தெருவிலிருந்து மேல் டிவிசனின் லய வரிசை வீடுகளுக்கு ஏறுகிற அந்த வழியை ரோடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். சபையிடம் கேட்டால் அது தோட்டத்துக் காணி என்பார்கள். தோட்டத்து ஆபீசில் கேட்டால், ரோடு போடுவது சபையின் வேலை என்பார்கள். மழை பெய்தால் எந்த த்ரீவீலரும் மேலே வராது. எங்கள் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்த அன்று கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கித்தான் கீழே இறக்கினோம். சேற்றில் இரண்டு முறை வழுக்கினார்கள். பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர், கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்டார். அம்மாவுக்கு அதன் பிறகு பேச்சு வரவே இல்லை. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் நிற்கப்போகிறேன் என்றதும் என் கணவர், சரி நில் என்றார். அவ்வளவுதான். கடை வாசலில் ஆட்கள் வந்து, அண்ணே, அக்கா ஜெயிச்சிருவாங்களா என்று கேட்டால், பாப்போம் என்று சொல்லிவிட்டு டென்ட் கயிற்றை அவிழ்க்கப் போய்விடுவார். ஊரில் உள்ள எல்லாருக்கும் பலன் சொன்ன மனிதர், சொந்தப் பெண்சாதிக்கு மட்டும் வாயைத் தைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் நானாகக் கேட்கக்கூடாது என்று வீம்பாக இருந்தேன். இவர் சொல்லித்தானா நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும், ஒனக்குப் போடாம வேற யாருக்கு என்றார்கள். எங்கள் சனம் வாசலுக்கு வந்தவரை முகம் வாடவிட்டு அனுப்பாது. மற்றக் கட்சிக்காரர்களுக்கும் இதே தேத்தண்ணியும் இதே வார்த்தையும் கிடைத்திருக்கும் என்பது அங்கேயே பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வேட்பாளர் ஆனதும் அந்த அறிவு எங்கோ போய்விட்டது.

கலஹா டவுனில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே டென்ட் அடித்து என் கூட்டத்தைப் போட்டோம். நான் மேடை ஏறியபோது ஒரு கதிரைகூட மிச்சமில்லை. பின்னால் நின்றுகொண்டும் இருந்தார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் ஒலிபெருக்கியே தேவைப்படாது போலிருந்தது. ஓரமாக நின்ற என் கணவரைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அவர் வானத்தைப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

ரோட்டுப் பிரச்சினையைச் சொல்லி, அம்மாவைத் தூக்கி வந்த கதைக்கு நான் வந்தபோது வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. அன்று பஸ் வெகுநேரம் பிந்தியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தில் பாதிக்கு மேல் எழுந்து ஓடியது. ஓடுகிற அவசரத்திலும் எனக்குக் கைகாட்டிவிட்டுத்தான் ஓடினார்கள். மழைக்கு ஒதுங்கி பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்துத்தான் நான் அவ்வளவு நேரமும் பூரித்துப் போயிருந்தேன். மிச்சமிருந்தவர்களுக்காகத் தொண்டை கட்டும்வரை பேசி முடித்தேன். அவர்கள் நன்றாகக் கைதட்டினார்கள், பிறகு எழுந்து போனார்கள்.

ஒருவரும் கதிரையைத் தொடவில்லை. கட்சியிலிருந்து வந்த இளைஞர்கள் என்னோடு செல்பி எடுத்துவிட்டுக் கண்டிக்குப் புறப்பட்டார்கள். நானும் என் கணவரும்தான் அடுக்கினோம். ஈரக் கதிரைகள் வழுக்கின. பாதி அடுக்கியதும் என் வீம்பு தீர்ந்துவிட்டது.

"இப்பயாவது சொல்லுங்க" என்றேன்.

"நீயே அடுக்கிக்கிட்டுத்தான இருக்க. நான் வேற சொல்லணுமா?"

"வாயத் தெறந்து சொல்லுங்க."

அவர் கையிலிருந்த கதிரைகளைக் கீழே வைத்தார். "வராதும்மா. சபையில ஆளுங்கட்சி முன்னுக்கு வரும், ஆனா பழைய அள்ளு இருக்காது. நம்ம வட்டாரம் கைவிட்டுப் போகும். எனக்கு இதச் சொல்லப் பிடிக்கல."

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எனக்கு என்ன குறை என்று தெரிந்தாக வேண்டும் என்று மறுநாளே மேல் டிவிசனுக்கு ஏறினேன். அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கூடவே ஓடி வந்த ஓர் அக்கா அங்கே இருக்கிறார். லயத்தில் எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த காம்பராதான் அவர் வீடு. இன்றும் கொழுந்து பறிக்கிறவர், முகத்துக்கு நேரே பேசுகிறவர். தேத்தண்ணி வேண்டாம் அக்கா, உண்மையைச் சொல்லுங்கள் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கூடையில் இருந்த கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒம்மேல ஒரு கோவமும் இல்லம்மா. போன தடவ அவுங்களுக்கு ஆசையா போட்டோம். ரோடு அப்புடியே கெடக்கு, சம்பளமும் அப்புடியே கெடக்கு. மேல இருக்கிறவங்களுக்கு ஒரு சொல்லு சொல்லணும். எங்க கையில வேற என்ன இருக்கு?"

"அந்தச் சொல்லு என் முதுகுலதான் விழணுமா அக்கா?"

"நீதான அவுங்க சின்னத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

விலகிவிடலாமா என்று ஒருநாள் இரவு யோசித்தேன். விலகினால் இந்த ரோட்டைப் பற்றிப் பேச எந்த மேடையும் இருக்காது. தோற்கப்போகிற வேட்பாளருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசத் தேவையில்லை. மிச்ச நாட்களில் நான் வாக்குக் கேட்டதைவிட ரோட்டைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். கட்சி கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் நாட்டின் எதிர்காலம் இருந்தது, ரோடு இல்லை. அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு என் வாயால் சொன்னேன்.

தோற்றேன். என் கணவர் சொன்னது சொன்னபடி நடந்தது. சபையில் ஆளுங்கட்சிக்குத்தான் அதிக ஆசனம், ஆனால் பெரும்பான்மை இல்லை. எங்கள் வட்டாரம் எதிர்க்கட்சிக்குப் போனது. கடை வாசலில் வந்து அவரை யாரும் பாராட்டவில்லை. அவரும் அன்று கடை திறக்கவில்லை.

ஆனால் அவருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. இந்தத் தேர்தலில் வட்டாரத்தில் தோற்றாலும், கட்சிக்குக் கிடைத்த மொத்த வாக்குகளை வைத்துப் பட்டியலில் சில ஆசனங்கள் வரும். சபையில் பெண்களுக்கென்று ஒதுக்கிய தொகையை நிரப்பவும் வேண்டும். அமைப்பாளர் போன் எடுத்து, மிஸ், நீங்கள்தான் உறுப்பினர், வாழ்த்துகள் என்றார். வாழ்த்து எனக்குக் கசந்தது. வேண்டாம் என்று சனம் சொன்ன பிறகு பின்கதவால் போவதா? மறுபடியும் மேல் டிவிசனுக்கு ஏறி அந்த அக்காவிடம் கேட்டேன்.

"நாங்க சொல்ல வேண்டியதச் சொல்லிட்டோம்" என்றார் அவர். "இப்ப நீ போயிச் சொல்லு. சும்மா தலையாட்டிட்டு வந்தீன்னா அடுத்த தடவையும் இப்புடித்தான்."

போனேன். சபையில் எனக்கு ஒரு மேசையும் ஒலிவாங்கியும் தந்தார்கள். சில அமர்வுகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்து நடைமுறையைப் படித்தேன். பிறகு ஒரு பிரேரணை எழுதினேன்: மேல் டிவிசன் ரோட்டைச் சபை பொறுப்பேற்க வேண்டும், அதற்குத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தைச் சபையே எழுதிக் கேட்க வேண்டும். முதலில் சபைக்குத் தலைமை தாங்கும் எங்கள் கட்சித் தவிசாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு அமைப்பாளரிடம் பேசச் சொன்னார்.

அமைப்பாளர் என்னைக் கண்டிக்கு வரச்சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். அடுத்து மாகாண சபைத் தேர்தல் வரும். ஏற்கெனவே மலையகத்தில் வாக்கு இறங்கியிருக்கிறது. அரசாங்கம் ரோடு போடவில்லை என்று ஆளுங்கட்சி உறுப்பினரே எழுந்து சொன்னால் அந்த வீடியோ ஒரே மணித்தியாலத்தில் எல்லாப் போனிலும் ஓடும். கொஞ்சம் பொறுங்கள், தேர்தல் முடியட்டும் என்றார். உங்கள் கணவர் என்ன சொல்கிறார், மாகாண சபையில் நமக்கு எப்படி இருக்குமாம் என்றும் கேட்டார். ரோட்டைப் போட்டால் நன்றாக இருக்குமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கட்சி தோற்றால் ரோட்டுக்கான பணமும் தள்ளிப்போகலாம். ஆனால் எல்லாக் கட்சியும் எல்லாத் தேர்தலுக்கு முன்னாலும் எங்களிடம் இதையேதான் சொல்லியிருக்கிறது. தேர்தல் முடியட்டும், முடியட்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் அம்மா கம்பளியில் இறங்கினார். திரும்பி வருகிற பஸ்ஸில் பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே முடிவெடுத்தேன்.

அடுத்த அமர்வில் பிரேரணையை எழுந்து வாசித்தேன். சிங்களத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. எங்கள் வரிசையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தோற்கடித்த எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து வழிமொழிந்தார். அவருக்கு அதில் அரசியல் இருந்தது, எனக்குத் தெரியும், இருக்கட்டும். வாக்கெடுப்பில் எங்கள் கட்சிக்காரர்கள் கையை மடியிலேயே வைத்திருந்தார்கள். நான் ஒருத்திதான் அந்தப் பக்கத்திலிருந்து கை தூக்கினேன். பிரேரணை நிறைவேறியது.

அன்று பின்னேரமே அமைப்பாளர் போன் எடுத்தார். இந்தமுறை மிஸ் என்று கூப்பிடவில்லை. உறுப்பினர் பதவியை எடுத்துவிடவும் கட்சியால் முடியும், ஆனால் ஊர் பேசும் என்பதற்காக விட்டுவைக்கிறோம், அடுத்த தேர்தலில் உங்களுக்கு இடம் கிடையாது, இப்போதே தெரிந்துகொள்ளுங்கள் என்றார். என் கணவர் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுங்க" என்றேன். "அப்படியென்றால் இனிமேல் நான் தோற்பதற்கு ஒன்றும் இல்லை. தோட்டத்துக்குப் போகவேண்டிய கடிதத்தில் நாளைக்கே கையெழுத்துப் போடச்சொல்லித் தவிசாளரிடம் சொல்லிவிடுங்கள். எட்டு மணிக்கு நான் சபை ஆபீஸ் வாசலில் நிற்பேன்."