நைனாவைத் தூக்கிப்போட்ட ஈரத்தோல்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் திமிரை நான் ஒளித்துவைத்ததில்லை. ஆம்பூரில் நைனா வேலை செய்த, தோல் பதனிடும் கிடங்குக்குத் தண்ணீர் இறைக்கும் மின்சார மோட்டார் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. திமிர் உச்சத்தில் இருந்தது.

மோட்டாரின் சுவிட்ச் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. தொட்டவர்களையெல்லாம் அந்தப் பெட்டி உதறித் தள்ளியது. ஒருவர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். அவரையும் உதறியது.

நைனா இதை வீட்டில் சொன்ன வாரம்தான், மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள், கடத்தாத பொருள்கள் என்று நான் இரண்டு பட்டியல்களை மனப்பாடம் செய்திருந்தேன். இரும்பும் செம்பும் கடத்தும். மரம், ரப்பர், கண்ணாடி, தோல் கடத்தாது.

"தோலா?" என்றார் நைனா.

"தோல்தான். புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

"ஊரு பூரா அதான் கெடக்குது. ஒருத்தனுக்கும் தெரியலியே."

மறுநாள் காலையில் அவர், "எம்பொண்ணு படிச்சிச் சொன்னா, தள்ளி நில்லுங்க" என்று எல்லோரையும் விலக்கிவிட்டு, கைக்கு எட்டிய ஆட்டுத்தோலை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டியைப் பிடித்திருக்கிறார். அந்தத் தோல் அப்போதுதான் ஊறல் தொட்டியிலிருந்து வெளியே வந்து உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாடம் எழுதிய புண்ணியவான் தன் செருப்பைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் தோல் என்றால், அது செருப்பாவதற்கு ரொம்ப முந்தைய சங்கதி.

பெட்டி நைனாவைத் தூக்கி, தோல் பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டைக் குவியலில் உட்கார வைத்தது.

தலையெல்லாம் பட்டைத்தூளுடன், மரத்துப்போன வலது கையைத் தொங்கவிட்டபடி வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே அத்தை வந்தாள். என் படிப்பை நிறுத்தி, என்னைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க ரொம்ப நாளாகவே ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவள். அவள் மகன் காலையில் எழுந்திருப்பதையே அன்றைய வேலையாகச் செய்கிறவன்.

"எட்டாவதே ஜாஸ்தின்னு சொன்னேனா இல்லியா? பொட்டப்புள்ள படிச்சா அப்பனுக்குத்தான் கேடு. நாளையிலருந்து ஸ்கூல் வேணாம். தையில கல்யாணத்த முடிச்சிடலாம்."

நனைந்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் நான் கேட்டிருக்கலாம். பட்டியலை மூச்சுவிடாமல் ஒப்பித்து முதலாவதாக வரும் அவசரத்தில் கேட்கவில்லை.

"ஈரமா இருந்தா கடத்தும்போல, நைனா. நான் கேக்காம வுட்டுட்டேன்" என்றேன்.

நைனா இடது கையால் காப்பியைக் குடித்து முடித்தார்.

"அக்கா, இவளுக்குப் பாதிதான் தெரியும். அதுக்கே நான் பட்டையில போய் வுழுந்தேன். இப்ப நிறுத்தி உன் வூட்டுக்கு அனுப்பினா இன்னா ஆவும்? இந்தப் பாதிப் படிப்புகிட்ட உன் பையன் தனியா மாட்டுவான். மீதியையும் படிச்சிட்டு வரட்டும்."

அத்தை பட்டைத்தூள் படிந்த நைனாவின் தலையைப் பார்த்தாள். அவளுக்கு அவன் ஒரே மகன்.

"நல்லா படிக்கட்டும்" என்றாள்.

ஒன்பதாவது வகுப்பில் சேர்ந்த முதல் நாளே நான் கேட்ட கேள்விகளில் எங்கள் டீச்சருக்குத் தலைவலி வந்துவிட்டது.